அஞ்சாம் வால்வு

பேப்பர்ல ஏழு வரி. ஆறு வரியை வேதகிரி எழுதி முடிச்சுட்டாரு, அஞ்சாவது மட்டும் வாயைத் தொறந்துக்கிட்டு கெடக்குது. மணி பன்னெண்டரை. ஒரு மணிக்குள்ள இது ஆபீசுக்குப் போயாகணும்னு மேனேஜர் தணிகாசலம் காலையிலேயே சொல்லிட்டுப் போயிட்டாரு. ஏழு வரின்னா பார்க்குல அவரு ஓட்டற பேய் மாளிகை ரைடுல இருக்கற ஏழு ரூமு, ரூமுக்கு ஒரு பேய். பக்கத்துல மூணு கட்டம் போட்டிருக்குது, ஓடும், ஓடாது, எந்தக் கிழமை. கிழமை பார்த்து வர்றதுக்கு பேய் என்ன வாய்தாவுக்கா வருதுன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. கேட்டா அதையும் யாராவது போன்ல எழுதிப் போட்டுருவாங்க. எல்லாம் இந்த கம்ப்ரஸரால வந்த வினை. பேனல் ரூமுக்குப் பின்னாடி தொப்புத் தொப்புன்னு அடிச்சிக்கிட்டு நிக்குது பாரு, அதுதான். காத்தடிச்சாத்தான் பொம்மை எழுந்து நிக்கும், பொம்மை எழுந்தாத்தான் அதோட சத்தம் வரும். புதுசுல ஏழு பொம்மைக்கும் தம் கட்டின கம்ப்ரஸர், இப்ப நாலுக்கு மேல தாங்காது. மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா எழுதிக் குடுத்தாச்சு, எழுதிக் குடுத்த பேப்பரைப் பூரா அடுக்கினா அதுவே ஒரு கம்ப்ரஸர் உயரம் வரும். சரின்னு வேதகிரி ஒரு வழி பண்ணாரு. ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஏதாவது நாலு வால்வைத் தொறப்பாரு, மூணு பேய்க்கு லீவு. அடுத்த ரவுண்டுக்கு வேற நாலு. எது தோணுதோ அது, கையி எதுக்குப் போவுதோ அது. அவ்வளவுதான் விஷயம், இதுல ஒரு ரகசியமும் இல்ல. ஆனா மே மாசம் எவனோ ஒருத்தன் ஒரே நாள்ல ரெண்டு தடவை ஏறிட்டு, மொத தடவை தூக்குல தொங்கறவன் வந்தான், ரெண்டாந் தடவை அவன் இல்ல, வவ்வாலு வந்துச்சு, இந்த பார்க்குல ரகசியமா மாறும் ரைடு சோதனை நடக்குதுன்னு எழுதிட்டான். தண்டவாளம் ஒண்ணுதான், கதை மட்டும் மாறிக்கிட்டே இருக்குமாம். அதுக்கு ஒரு குரூப்பு, இருட்டு ரைடு ரசிகர்கள்னு பேரு, ஆயிரத்து நானூறு பேரு. இருட்டுல நாலு நிமிஷம் வண்டியில போய்ட்டு வெளிய வர்றதுக்கு ஆயிரத்து நானூறு பேரு ராவும் பகலும் யோசிக்கறாங்க. வேதகிரிக்கு அதை நினைச்சாலே பின்மண்டையில யாரோ திருப்புளி வெச்சுத் திருகற மாதிரி இருக்கும்.

மறுத்துப் பாக்காம இல்ல. போன மாசம் நிரஞ்சன்தான் நேரா வந்து கேட்டான், சிறுசேரியில கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை, மொத மொத அந்தப் புரளியைக் கெளப்பினதே அவன்தான். "சார், உண்மையச் சொல்லுங்க, மாறும் ரைடுதானே இது?" வேதகிரி நிதானமா சொன்னாரு, "தம்பி, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. கம்ப்ரஸர் தம் கட்டல, அதான் மாத்தி மாத்தி விடறேன்." அன்னைக்கே குரூப்புல வந்துடுச்சு, ஆபரேட்டர் மறுத்தார், மறுக்கச் சொல்லி அவருக்கு மேலிடத்து உத்தரவு, கம்ப்ரஸர்ங்கறது அந்தத் திட்டத்தோட ரகசியப் பேரு. அவரு கிரீஸ் டப்பாவோட நடந்து போன போட்டோ ஒண்ணைப் போட்டு, டப்பாவுக்குள்ள என்ன இருக்கும்னு எண்பது பேரு பேசியிருந்தாங்க. கிரீஸ்னு ஒருத்தரும் சொல்லல. சும்மா இருந்தா ஒத்துக்கிட்டாருங்கறாங்க, பேசினா மழுப்பறாருங்கறாங்க. பொய் சொன்னவனுக்குக் கூட இந்தக் கதி இல்ல, அவன் உண்மையைச் சொல்லித் தப்பிச்சுக்கலாம். உண்மையைச் சொன்னவன் எதைச் சொல்லித் தப்பிக்கறது. இதெல்லாம் போய் ஆபீஸ் காதுக்கு எட்டி, திட்டுவாங்கன்னு பார்த்தா தணிகாசலம் காலையில தோளைத் தட்டறாரு. "வேதகிரி, பிரமாதம்யா. அதையே பேரா வெச்சிட்டோம், மாறும் மாளிகை. வெள்ளிக்கிழமை அறிவிக்கறோம். நீ எந்தெந்தக் கிழமை எந்தெந்தப் பேயை விடறேன்னு எழுதிக் குடு, போதும்." "சார், கம்ப்ரஸர்?" "அது பார்க்கலாம். ஓடற பேய் எது, ஓடாதது எது, அதை மட்டும் கரெக்டா போடு. ஓடாதுன்னு போட்டா வியாழக்கிழமை வடபழனி ஸ்டூடியோ ஆளுங்க வந்து கழட்டிடுவாங்க. புதுப் பொம்மை, புது வாய்ஸ்." புது வாய்ஸ்னு சொல்லும்போது அவரு கையை இப்படி ஒரு விரி விரிச்சாரு, ஏதோ கடலையே காட்டற மாதிரி. வேதகிரி சரிங்க சார்னாரு. பதினாலு வருஷமா அவரு நல்லா பழகின வார்த்தை அது.

அஞ்சாம் நம்பர் கல்யாணப் பொண்ணு. செவப்புப் பொடவை, தலை நிறைய காயாத காகிதப் பூ, முகத்துல பாதி எலும்பு. வண்டி வளையற எடத்துல முதுகைக் காட்டி ஒக்காந்திருக்கும், காத்தடிச்சதும் எழுந்து திரும்பும், திரும்பிச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு கோமளாவோடது. வேதகிரி பொண்டாட்டி கோமளா. அப்ப அவ வாசல்ல டிக்கெட் கவுண்டர்ல இருந்தா. மாளிகை தொறக்க நாலு நாள் இருக்கறப்ப சிரிக்க வர வேண்டிய நடிகை வரல, சவுண்டுக்காரன் மைக்கை நீட்டிக்கிட்டு நிக்கறான், அப்ப இருந்த மேனேஜர் கவுண்டர்ல இருந்து இவளைக் கூப்பிட்டு பேய் மாதிரி சிரிம்மான்னாரு. இவ ஹிஹின்னு ரெண்டு தடவை பண்ணிட்டு, "பேய் எப்படிச் சிரிக்கும்னு எனக்கு எப்படி சார் தெரியும், நான் என்ன கூடவா குடும்பம் நடத்தறேன்"னா. வேதகிரி ஏணி மேல ஒயர் கட்டிக்கிட்டு இருந்தவரு மூஞ்சை மாத்தாம சொன்னாரு, "பேய் மாதிரி வேணாம். எங்கம்மா எதிர்ல சிரிக்க முடியாம வாயில முந்தானையை அடைச்சுக்குவியே, ஏழு வருஷத்துப் பாக்கி, அதை இங்க விட்டுட்டுப் போயிடு." விட்டா. சுவர்ல கையை ஊணிக்கிட்டு, குனிஞ்சு, ஒக்காந்து, மூச்சு வாங்கி, திரும்ப ஆரம்பிச்சு, கடைசியில விக்கலே வந்துடுச்சு. அந்த விக்கலோட சேத்தே சவுண்டுக்காரன் வெச்சுக்கிட்டான், வெட்டறதுக்கு மனசு வரலன்னான். ஜனம் அலறும். கோவளத்துல இருந்து மரக்காணம் வரைக்கும் எத்தனையோ புள்ளைங்க அந்தச் சிரிப்பைக் கேட்டு அப்பா இடுப்பைக் கட்டிப் புடிச்சிருக்குதுங்க. வீட்டுல சாயங்காலம் கேப்பா, "இன்னைக்கு எத்தனை தடவை சிரிச்சேன்?" "அம்பத்திரெண்டு." "தொண்டை வலிக்குதுங்க, காப்பி நீங்க போடுங்க." போடுவாரு. அது ஒரு காலம்னு நினைக்கப் போன மனசை வேதகிரி அங்கேயே நிறுத்தினாரு, ஏன்னா அஞ்சாம் வால்வு லீக்கு. லீக்கு இருக்கற வால்வைத் தொறந்தா மத்த மூணுக்கும் காத்து பத்தாது. அதான் மூடி வெச்சிருக்குது. வேற காரணம் இல்ல.

வேற காரணம் இல்லன்னு யாரும் கேக்காமலே அவரு தனக்குத்தானே சொல்லிக்கறது இன்னைக்கு இது மூணாந் தடவை. ஆவணி மாசம் அச்சிறுபாக்கத்துல அவ அண்ணன் வீட்டு கிரகப்பிரவேசம். வாங்கன்னா. லீவு இல்லன்னாரு. "நீங்க இல்லன்னா அந்த வண்டி ஓடாதா?" "ஓடாது." அது பெருமையில சொன்னதில்ல, கம்ப்ரஸரை நினைச்சு சொன்னது. ஆனா சொன்ன வார்த்தை எப்படிப் போய் விழுந்துச்சோ, அவ பையை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டா. மூணு நாள்ல வருவான்னு பார்த்தா மூணு வாரம் ஆச்சு, இப்ப மூணு மாசம். அண்ணி கையி ஒடஞ்சிருக்குதுன்னு ஒரு தடவை சேதி வந்துச்சு. கையி ஒடஞ்சா ஒட்டறதுக்கு எத்தனை நாளு ஆகும்னு இவருக்குத் தெரியாதா. போன் பண்ணலாம். பண்ணி என்ன சொல்றது. அவதானே போனா, போனவதானே பண்ணணும்னு ஒரு பக்கம். போனவளை ஏன் போனேன்னு கேக்கவே இல்லையேன்னு இன்னொரு பக்கம். இந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல வண்டி மாதிரி சுத்திக்கிட்டே இருக்காரு, அதே தண்டவாளம், அதே வளைவு, வெளிய வந்தா மறுபடியும் ஏறின எடந்தான். விட்டுட்டுப் போனவளோட சிரிப்பை நாளைக்கு அம்பது தடவை கேக்க எந்த மனுஷனால முடியும். அவ போனா, அதனால மூடினேன். சரி, லீக்கும் இருக்குது. ரெண்டும் இருக்கக் கூடாதா. இப்ப இந்தப் பேப்பர்ல ஓடாதுன்னு எழுதிட்டா வியாழக்கிழமையோட தொல்லை தீர்ந்துச்சு. எவளோ ஒருத்தி வந்து அழகா, விக்கல் இல்லாம சிரிச்சுட்டுப் போவா. ஓடும்னு எழுதினா வெள்ளிக்கிழமையில இருந்து தொறந்து விட்டு கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கணும். பேனாவைக் கட்டத்துக்கு மேல கொண்டு போனாரு. மை வரல. ஒதறினாரு. பேன்ட் மேல ஒரு சொட்டு விழுந்துச்சு, கோமளா பார்த்தா அரை மணி நேரம் பேசுவா, பார்க்க மாட்டா.

"சார், வணக்கம்." நிரஞ்சன். கூடவே ஜெசிந்தா, பல் டாக்டருக்குப் படிக்கற பொண்ணு, குரூப்புல ரெண்டாவது பெரிய தலை. செவ்வாக்கிழமை, கூட்டமே இல்ல, இவங்களைத் தவிர வரிசையில ஒரு குடும்பம் ஐஸ் தின்னுக்கிட்டு நிக்குது. "வேலைக்குப் போகலயா தம்பி?" "வீட்ல இருந்து வேலை சார்." "வீடு எங்க?" "மேடவாக்கம்." "அப்ப இது?" அவன் சிரிச்சுட்டு விட்டுட்டான். ஜெசிந்தா பேனலை எட்டிப் பார்த்துச்சு. "அண்ணா, ஒண்ணே ஒண்ணு மட்டும். அஞ்சாவது ரூம் எப்ப தொறப்பீங்க?" "அது ரிப்பேரும்மா." "பார்த்தியா, ரிப்பேர்ங்கறாரு" அப்படின்னு அது நிரஞ்சன்கிட்ட சொல்லுச்சு, ரொம்ப மெதுவா, சர்ச்சுல பேசற மாதிரி. வேதகிரிக்கு பல்லுல கல்லு அகப்பட்ட மாதிரி ஆயிடுச்சு. "ரிப்பேர்னா ரிப்பேர்தாம்மா. ரிப்பேர்ங்கறதுக்கு வேற என்ன அர்த்தம் இருக்குது, உங்க படிப்புல சொல்லிக் குடுக்கறாங்களா?" "கோவப்படாதீங்கண்ணா. நாங்க சும்மா ஊகம் பண்ணல, இவன் எல்லாத்தையும் குறிச்சு வெச்சிருக்கான். காட்டுடா." நிரஞ்சன் போனை நீட்டினான். கட்டம் கட்டமா, பச்சையும் செவப்புமா. மே ஒண்ணாந் தேதியில இருந்து யாரு எப்ப ஏறினாலும் எந்தப் பேய் வந்துச்சு, எது வரலன்னு. ஆயிரத்து நானூறு பேருக்கும் வேற பொழப்பே இல்ல. "பாருங்க சார், சனிக்கிழமை காலையில நீங்க பெரும்பாலும் வவ்வாலு விடறீங்க. மழை பேஞ்சா கெழவி. செப்டம்பர் பூரா நாலாவது ரூம், தூக்குல தொங்கறவன், அவனை மட்டும் விடாம விட்டிருக்கீங்க. இதுக்கு ஒரு கணக்கு இருக்கணும்ல." செப்டம்பர்ல வேதகிரி என்ன மனசோட இருந்தாருன்னு வேதகிரிக்குத் தெரியும். அதை எவனோ பச்சைக் கலர் அடிச்சு வெச்சிருக்கான். "அஞ்சு மட்டும் பாருங்க. மொதல்ல தெனமும் வந்துக்கிட்டு இருந்துச்சு, எல்லா ரவுண்டும், மத்தது மாறினாலும் அது மாறவே இல்ல. அப்புறம் டக்குன்னு நின்னுடுச்சு. ஜூன் பத்தொம்பதுல இருந்து ஒரு தடவை கூட இல்ல."

"ஆகஸ்ட்" அப்படின்னாரு வேதகிரி. "ஜூன் சார்." "இல்ல தம்பி, ஆகஸ்ட் கடைசி. உன் கணக்குல தப்பு." "தப்பிருக்காது சார், அந்த வாரம் மட்டும் பதினோரு பேரு ஏறியிருக்காங்க. ஜூன் பதினெட்டு சாயங்காலம் கடைசியா வந்துச்சு, பத்தொம்பது காலையில இல்ல." வேதகிரி போனை வாங்கி கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பார்த்தாரு. ஜூன் பதினெட்டு வரைக்கும் பச்சை. அதுக்கப்புறம் செவப்பு, ஜூலை பூரா செவப்பு, ஆகஸ்ட் பூரா செவப்பு. ஆகஸ்ட்ல அவ வீட்ல இருந்தா. ஜூலையில இருந்தா. ஜூலையில முருங்கைக்காய் சாம்பார் வெச்சு டப்பாவுல போட்டுக் குடுத்தா, அதை இந்த ஸ்டூல்லதான், இந்தப் பேனலுக்கு எதிர்லதான் ஒக்காந்து தின்னாரு, தின்னுட்டு கையைக் கழுவிட்டு அஞ்சை விட்டுட்டு மத்ததைத் தொறந்தாரு. பதினெட்டுன்னா. பதினெட்டுதான் கவுண்டரை மூடின நாளு. வாசல்ல மெஷினை வெச்சாங்க, போனைக் காட்டினா கதவு தொறக்கும், டிக்கெட் குடுக்கறவங்க நாலு பேரும் இனிமே வர வேணாம்னு தணிகாசலம் வாசல்ல வெச்சே சொன்னாரு. கோமளா அப்ப சுத்தி ஒரு தடவை பார்த்தா. வேதகிரி பத்தடி தள்ளி ஒரு வண்டியோட சக்கரத்துக்கு கிரீஸ் வெச்சுக்கிட்டு இருந்தாரு. காதுல விழுந்துச்சு. நிமிரல. ஏற்கெனவே வெச்ச சக்கரத்துக்கே மறுபடியும் வெச்சாரு, அது நல்லா நெனவிருக்குது, கிரீஸ் வழிஞ்சு தண்டவாளத்துல சொட்டுச்சு. ராத்திரி சோறு போடும்போது அவ கேட்டா, "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பதினாலு வருஷமா அவங்களுக்காக சிரிச்சிருக்கேன்னாவது சொல்லியிருக்கலாம்." இவரு சொன்னாரு, "அது கம்பெனி முடிவு." அவ சிரிச்சா. சின்னதா, மூக்குல. விக்கல் வர்ற அளவுக்கெல்லாம் இல்ல. மறுநாள் காலையில வந்து கம்ப்ரஸரைப் போட்டு, ஒண்ணு தொறந்து, ரெண்டு தொறந்து, அஞ்சுகிட்ட கையி போய் நின்னுச்சு. லீக்கு. அப்பவே லீக்குன்னு சொல்லிக்கிட்டாரா, இல்ல அப்புறம் சேத்துக்கிட்டாரா. அவ பஸ் ஏறினதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இங்க மூடியாச்சு. அவ போகல, இல்ல, போனா, ஆனா இவரு மூடினதுக்கப்புறம் போனா. மூணு மாசமா விட்டுட்டுப் போனா, விட்டுட்டுப் போனான்னு அவரு உருட்டிக்கிட்டு இருந்த உருண்டை, இந்தப் பையனோட கட்டத்துல வெச்சுப் பார்த்தா நிக்கவே மாட்டேங்குது. "சார், போன்" அப்படின்னான் நிரஞ்சன். "ம்." "என் போனு சார். குடுத்தீங்கன்னா." குடுத்தாரு. "ஜூன் பத்தொம்பதுல என்ன சார் நடந்துச்சு? திட்டம் அன்னைக்குத்தான் ஆரம்பிச்சுதா?" அவன் கண்ணுல அப்படி ஒரு வெளிச்சம். இவனை அடிக்கறதா, கும்பிடறதா. வேதகிரி ரெண்டும் பண்ணல. "வண்டியில ஏறுங்க. மடி மேல பாரை எறக்கி வுடுங்க. கையை வெளிய நீட்டாதீங்க."

குடும்பத்தைப் பின் வண்டியில ஏத்தி, பச்சை பட்டனை அமுக்கி ரெண்டு வண்டியும் உள்ள போனதும் பேனல் எதிர்ல நின்னாரு. பன்னெண்டு அம்பது. வழக்கமா கையி தானா போகும், இப்ப கையைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்துச்சு. ஒண்ணு, மூணு, ஏழு. நாலாவதா அஞ்சு. அஞ்சு மாசமா தொடாத வால்வு, துருப் புடிச்சிருக்கும், திரும்பாதுன்னு ஒரு நப்பாசை. குழந்தை கை மாதிரி திரும்புச்சு. காதை வெச்சுப் பார்த்தாரு. ஒரு சத்தம் இல்ல, ஒரு புஸ்ஸு கூட இல்ல. லீக்காவது மண்ணாவது. சோப்புத் தண்ணியைக் கூடத் தடவிப் பார்த்தாரு, ஒரே ஒரு நுரை எழும்பினாலும் போதும்னு. எழும்பல. இன்னும் ஒண்ணரை நிமிஷத்துல மொத வண்டி வளைவுக்கு வரும். சட்டைப் பையில இருந்து போனை எடுத்தாரு, பேரைத் தேடினாரு, தேடறதுக்கு என்ன இருக்குது, மூணு மாசமா அங்கதான் வந்து வந்து நின்னுட்டுப் போறாரு. இன்னைக்கு அமுக்கிட்டாரு. ஏழு தடவை அடிச்சுது. எடுத்தா. பேசறதுன்னா எதுல இருந்து ஆரம்பிக்கறது, கிரகப்பிரவேசத்துல இருந்தா, சக்கரத்துல இருந்தா. சுவருக்கு அந்தப் பக்கம் கதவு படார்னு தொறந்துச்சு. அப்புறம் அது வந்துச்சு. சுவர்ல கையை ஊணி, குனிஞ்சு, ஒக்காந்து, மூச்சு வாங்கி, மறுபடியும். ஜெசிந்தா வீல்னு கத்தினது கேட்டுச்சு, நிரஞ்சன் ஏதோ கூவினது கேட்டுச்சு, எல்லாத்துக்கும் மேல அது ஏறிப் போய்க்கிட்டே இருந்துச்சு. வேதகிரி போனை சுவர்ப் பலகையில வெச்சு அழுத்திக்கிட்டு நின்னாரு. கடைசியில விக்கல். அடுத்த வண்டிக்கு இன்னொரு தடவை, அதே சிரிப்பு, அதே எடத்துல அதே விக்கல். போனைக் காதுக்குக் கொண்டு வந்தாரு. அப்புறம் அவ சொன்னா, "கம்ப்ரஸர் இன்னும் மாத்தலயா?" "இல்ல." "தொப்புத் தொப்புங்குது." "ஆமாம்." "விக்கலை எடுக்கவே இல்லையா அவங்க." "இல்ல. வியாழக்கிழமை எல்லாத்தையும் எடுக்கறாங்களாம். நான் ஓடாதுன்னு எழுதினா." வேதகிரி போனை மறு காதுக்கு மாத்திக்கிட்டாரு. "ஜூன் பத்தொம்பதுல இருந்து மூடி வெச்சிருந்தேன் கோமளா. இன்னைக்குத்தான் தொறந்தேன்." அந்தப் பக்கம் எங்கயோ குக்கர் விசிலடிச்சுது, ஒண்ணு, ரெண்டு, அவ போய் அணைக்கல. தேதியை அவ மறந்திருக்க மாட்டா, கட்டம் போட்ட போன் அவளுக்குத் தேவையில்ல. "பதினெட்டுல நீங்க அந்தச் சக்கரத்துக்கு எத்தனை தடவை கிரீஸ் வெச்சீங்க?" அப்படின்னா கடைசியில. "ரெண்டு." "மூணு. பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்." அவரு நிமிராத நேரம் பூரா அவ நின்னிருக்கா. வெளிக் கதவு தொறந்து வண்டி வந்து நின்னுச்சு, பாரைத் தூக்கறதுக்கு முன்னாடியே நிரஞ்சன் குதிச்சு ஓடி வந்தான், "சார், அஞ்சு வந்துடுச்சு சார், கடைசியில விக்கல் வருது, அது பழசுலயும் இருந்துச்சா இல்ல இப்ப சேத்ததா?" பின்னாலேயே ஜெசிந்தா, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, அழுதுச்சா சிரிச்சுச்சான்னு தெரியல, "அண்ணா, நாளைக்கும் இது ஓடுமா, இல்ல இன்னைக்கு மட்டுமா?" வேதகிரி ஒரு கையில பேனாவும் ஒரு கையில போனுமா அவங்களைப் பார்த்தாரு. சொன்னா எழுதுவாங்க. சொல்லலன்னாலும் எழுதுவாங்க. பன்னெண்டு அம்பத்தஞ்சு. காதுக்குள்ள கோமளா சொன்னா, "கேக்கறாங்கல்ல. வாயைத் தொறந்து பதில் சொல்லுங்க." "ஓடும்" அப்படின்னாரு வேதகிரி, கொஞ்சம் சத்தமாவே. "தெனமும் ஓடும்." நிரஞ்சன் அதைப் போன்ல தட்டிக்கிட்டு இருக்கறப்ப, அவரு அஞ்சாவது வரியில அதையே எழுதினாரு, மை விட்டு விட்டு வந்துச்சு, மேல மேல எழுதினாரு. அச்சிறுபாக்கத்துல மூணாவது விசில் அடிச்சுது. போனை அவ இன்னும் வெக்கல.